கொல்லைமேட்டு மழையில்தான் கழனிக் கிணறு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால், படப்பையும் ஒரகடமும் ஒரே தட்டை நிலமாகத்தான் தெரியும். தொழிற்சாலை மதில், கன்டெய்னர் லாரி வரிசை, நடுவில் ஓர் ஏரிக்கரை, மறுபடி மதில். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் அதே வழியில் போனால் சங்கதி வேறு. ஓரிடத்தில் தண்ணீர் சாலையைக் குறுக்கே அறுத்து ஓடும். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு சொட்டுகூட நிற்காது. அதற்கடுத்த பள்ளத்தில் முழங்கால் ஆழம் நிற்கும்.

கண்ணுக்குச் சில அடி உயர வித்தியாசம்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மிச்சமிருக்கும் விவசாயம் அந்தச் சில அடியை நம்பித்தான் இருக்கிறது. 'பக்கத்துக் கழனியில் முப்பது அடிக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது; என் நிலத்தில் முந்நூறு அடி போர் போட்டும் புழுதிதான் பறக்கிறது, ஏன்?' என்பது இந்தப் பக்கத்து விவசாயிகள் வேளாண் அதிகாரிகளிடமும் போர் போடுபவரிடமும் ஓயாமல் கேட்கும் கேள்வி. 'ஏரி நிரம்பியும் சொர்ணவாரி வைக்க முடியவில்லையே' என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. அந்த அமைப்பு பட்டாவில் எழுதியிருக்காது. வட்டம், மாவட்டம் என்று போட்ட கோடுகளிலும் இருக்காது.

கல், சரளை, களி, மணல்

இந்த வட்டாரத்தின் தெற்கே பாலாறு, வடக்கே கூவம், கிழக்கே அடையாறு. நடுவில் உள்ள மேட்டுப்பகுதியில்தான் தொழில் வழித்தடத்தின் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறது. இதற்குள் நான்கு விதமான நிலம் கலந்து கிடக்கிறது.

கிழக்கில் வண்டலூர், திருநீர்மலை, பல்லாவரம் பக்கம் கருங்கல் குன்றுகள். இந்தக் கல்லுக்கு 'சார்னகைட்' என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர். கல்கத்தா நகரோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல் என்பதால் அந்தப் பெயர். உலகப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த கல், இங்கே ஜல்லியாக உடைபட்டு லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. கல் பூமியில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும்தான் இருக்கும். வெடிப்பில் போர் இறங்கினால் தண்ணீர், ஓரடி தள்ளி இறங்கினால் புழுதி. முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதுவே.

குன்றுகளின் அடிவாரத்திலும் மேடுகளின் முதுகிலும் செம்மண் சரளை, சில இடங்களில் செம்பூரான் கல். களா, காரை, சூரை, ஈச்சை, பனை என்று முள்ளும் புதருமாகக் கிடந்த நிலம். கண்ணுக்கு ஒன்றுக்கும் உதவாததுபோலத் தெரியும். ஆனால் இந்தச் சரளையில்தான் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. விவசாயிக்கு வேண்டியது அதைவிட எளிய செய்தி: இந்தச் சரளை தண்ணீரைக் குடிக்கும் நிலம். முதல் மழை பெரும்பாலும் இங்கே உள்ளே இறங்கிவிடும், ஓடாது.

மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கதை மாறுகிறது. அங்கே அடியில் இருப்பது களிப்பாறை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த இந்த அடுக்குக்கு நிலவியலில் 'ஸ்ரீபெரும்புதூர் படிவம்' என்றே பெயர். இலை தழைகளின் தடங்கள் அதில் அப்படியே பதிந்திருக்கின்றன. கடல் உயிர்களின் ஓடுகளும் கிடைத்திருப்பதால் அன்றைக்குக் கடல் இதுவரை வந்து போயிருக்கிறது. களி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிணற்றுக்கு எளிதில் விடாது. நெல்லுக்கு நல்ல நிலம், போருக்கு ஏமாற்று நிலம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கழனியைப் பார்த்தால், அடியில் இருப்பது இந்தக் களியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காவது, ஆற்று வண்டலும் மணலும். வாலாஜாபாத் பக்கம் பாலாற்றை ஒட்டிய ஊர்களுக்கு இது கிடைத்த கொடை. பாலாறு முன்னொரு காலத்தில் இன்னும் வடக்கே, இன்றைய கொசஸ்தலை ஆற்றின் பக்கமாக ஓடியது என்பது நிலவியலாளர் கருத்து. கொசஸ்தலைக்கு 'விருத்த க்ஷீர நதி', அதாவது கிழப் பாலாறு, என்ற பழம்பெயர் உண்டு. ஆறு விட்டுப்போன தடத்தில் கிணறு தோண்டியவருக்கு யோகம். நூறு கெஜம் தள்ளித் தோண்டியவருக்கு இல்லை. பக்கத்துக் கழனியில் தண்ணீர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோட்டமும் நாடும்

நிலத்தின் குணம் பார்த்துப் பிரிப்பது இங்கே புதிய சங்கதி இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பிரித்ததே நிலத்தையும் அதில் நடக்கும் பிழைப்பையும் சேர்த்துப் பார்த்த பிரிவுதான். தொண்டை மண்டலத்தில் 24 கோட்டம், 79 நாடு என்பது பழைய கணக்கு. மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள், அந்த ஊரை ஜயங்கொண்ட சோழ மண்டலத்தில், செங்காட்டுக் கோட்டத்தில், மாகனூர் நாட்டில் வைக்கின்றன. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர் வரும். காளியூர்க் கோட்டத்துக்குள் தனியாக நின்ற ஊர். ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் வைத்திருந்ததை அதன் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

சோழர் கால நாடுகளை வரைபடத்தில் போட்டுக் காட்டியவர் எ. சுப்பராயலு. நாடு என்பது மேலிருந்து கோடு கிழித்து உண்டாக்கியது அல்ல, ஒரே பாசனத்தையும் மண்ணையும் நம்பிய ஊர்கள் தாமாகச் சேர்ந்த கூட்டம் என்பது அவருடைய ஆய்வில் தெரியும். அதனால்தான் நாட்டு எல்லைகள் வளைந்து நெளிந்து கிடக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி செங்கல்பட்டு ஜாகீரைக் கைக்கொண்ட பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊர் ஊராக நன்செய், புன்செய் மட்டும் அதில் பதிவாகவில்லை. ஏரி, தோப்பு, காடு, குன்று என்று எல்லாம் தனித்தனியாக ஏறின. வரி வசூலுக்காகச் செய்த வேலைதான். ஆனாலும் ஓர் ஊர் என்றால் கழனி மட்டும் இல்லை என்ற புரிதல் அந்தக் கணக்கில் இருந்தது. பின்னால் வந்த வருவாய்க் கணக்கில் அது மெல்லத் தேய்ந்து, வரி தராத மேடெல்லாம் 'தரிசு', 'புறம்போக்கு' என்ற ஒரே கூடைக்குள் போனது.

ஊர்ப்பெயர்கள் மட்டும் பழையதை விடவில்லை. செங்காடு என்று கேட்டாலே மண்ணின் நிறமும் நிலத்தின் குணமும் தெரிந்துவிடுகிறது. தாங்கல் என்று முடிந்தால் அங்கே ஒரு சிறு ஏரி, மேட்டுத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் இடம், இருந்திருக்க வேண்டும். பறவைகளுக்குப் பேர்போன வேடந்தாங்கலும் அப்படி ஒரு தாங்கல்தான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் கழனிக்கு உரம் என்று அறிந்த ஊரார், பறவைகளைச் சுடுவதை எதிர்த்து 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கி வைத்தார்கள்.

தாங்கலிலிருந்து கடைஏரி வரை

இங்கே பெரிய ஆறு எதுவும் வருடம் முழுக்க ஓடுவதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். அந்தச் சில வார மழையைப் பிடித்து வைக்கத்தான் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பொதுப்பணித் துறையின் கணக்கில் மட்டும் 909 ஏரிகள். ஊராட்சிகளின் சிற்றேரி, தாங்கல், குட்டைகள் இந்தக் கணக்கில் சேராது.

ஏரி தனியாக நிற்பதில்லை. மேட்டுச் சரளையில் பெய்த மழையின் உபரி தாங்கலுக்கு வரும். தாங்கலின் கலங்கல் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அதன் கலங்கல் அதற்கடுத்த ஏரிக்கு. ஒரு சங்கிலி. பாலாற்று அணைக்கட்டுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பியபடி கிழக்கே கொண்டுவந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்க்கும் கம்பன் கால்வாய் இன்னொரு சங்கிலி. அதன் உபரி செம்பரம்பாக்கம் வரை போகும். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் இன்று சென்னையின் குடிநீர் ஏரி. ஒரு காலத்தில் அதன் கீழே விரிந்திருந்தது நெல் ஆயக்கட்டு. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் பக்கம் பிறக்கும் அடையாறு, செம்பரம்பாக்கத்தின் உபரியைத் திருநீர்மலை அருகே வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது.

2019இல் மாவட்டம் பிரிந்தபோது ஆதனூர் செங்கல்பட்டுக்கும் மணிமங்கலம் காஞ்சிபுரத்துக்கும் போயின. தண்ணீருக்கு அது தெரியாது. ஆதனூர் கலங்கல் பற்றி ஒரு கலெக்டர் அலுவலகத்திலும் மணிமங்கலம் கலங்கல் பற்றி இன்னொன்றிலும் மனு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் மாற்றம்.

இந்தச் சங்கிலியில் பலர் கவனிக்காத கண்ணி மேடு. நெல்லுக்கு இங்கே மூன்று பட்டம்: சம்பா, நவரை, சொர்ணவாரி. சம்பாவுக்கு மழையும் ஏரியும் இருக்கிறது. மார்கழி, தையில் விடும் நவரைக்கு ஏரி இருப்புப் போதும். சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரியின் போது பெரும்பாலான ஏரிகள் வற்றிப்போயிருக்கும். அந்தப் பட்டம் நிற்பது கிணற்றில். கழனிக் கிணற்றுக்கு ஊற்று வருவது இரண்டு இடத்திலிருந்து: ஏரியின் உள்வாயில் மாதக்கணக்கில் நின்று இறங்கிய தண்ணீர் ஒன்று, மேட்டுச் சரளையில் இறங்கி மெல்லப் பள்ளத்தை நோக்கி நகர்ந்து வரும் தண்ணீர் மற்றொன்று. மேட்டில் நவம்பரில் இறங்கிய மழை கழனிக் கிணற்றில் ஊற்றாகத் தலைகாட்டச் சில மாதம் ஆகும். கொல்லைமேட்டை அழித்தால், அந்த வருடச் சம்பாவில் தெரியாது. இரண்டு மூன்று சித்திரை கழித்துக் கிணற்றில் தெரியும். ஏரி நிரம்பியும் சொர்ணவாரி வைக்க முடியாமல் போவது இப்படித்தான்.

மேடு போன பிறகு

1990களில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் தேடியபோது கண்ணில் பட்டது இந்த மேடுதான். நியாயமும் இருந்தது. நன்செயைத் தொடாமல் இருக்கலாம், வெள்ளம் நிற்காது, அடித்தளத்துக்கு உறுதியான மண், கணக்கில் தரிசு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010இல், டைம்லர் லாரி ஆலை 2012இல். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் அடுத்தடுத்து வந்தன. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு இங்கே சம்பளம் கிடைத்தது. மழை பொய்த்த வருடங்களில் வீடுகள் அந்தச் சம்பளத்தில் நிமிர்ந்து நின்றன. அதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை.

கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான். ஒரு ஏக்கர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் தண்ணீர். அதே ஒரு ஏக்கர் சரளைக் காடாக இருந்தபோது அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. கூரையும் கான்கிரீட் தளமும் அதை நிமிடங்களில் வடிகாலில் தள்ளுகின்றன. ஏரிக்குத் தண்ணீர் வருவது நிற்பதில்லை; வருகிற வேகம் மாறுகிறது. மெல்ல வர வேண்டியது ஒரே இரவில் வருகிறது, கலங்கல் வழியே போய்விடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எந்த மேடும் அத்தனையையும் குடித்திருக்காது. ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் சாதாரணப் பருவமழைக்கே தண்ணீர் புகுவதற்கு மேலே என்ன மாறியது என்று பார்க்காமல் கால்வாயை மட்டும் அகலப்படுத்திக்கொண்டே போவது பாதி வைத்தியம்.

இன்னொரு இழப்பு மாடு. மேட்டில் கிடந்த மேய்க்கால் புறம்போக்குதான் ஊர் மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் மந்தைவெளி. மேய்ச்சல் போனதும் மாடு குறைந்தது, தொழுவுரம் குறைந்தது, அறுவடைக்குப் பின் கழனியில் ஆட்டுக்கிடை போட ஆளில்லை. கூரைத் தண்ணீரைக் கணக்குப் போட்டுவிடலாம். இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் முட்டைக்கோஸ் மேடு

ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் டைம்லர் டிரக் நிறுவனத்தின் தலைமையகம், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குத் தெற்கே லைன்ஃபெல்டன்-எக்டர்டிங்கன் என்ற ஊரில் இருக்கிறது. அந்த ஊர் இருக்கும் மேட்டுச் சமவெளிக்கு ஃபில்டர் என்று பெயர். காற்று அடித்துவந்து சேர்த்த நயமான வண்டல் மண். கூம்பு வடிவ முட்டைக்கோஸுக்குப் பேர்போன பூமி. ஜெர்மானியர்கள் 1953க்கும் 1962க்கும் இடையில் தங்கள் நாட்டை மண், நீர், பாறை, தட்பவெப்பம் பார்த்து இயற்கை நிலப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பெரிய கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். மாநிலமோ மாவட்டமோ அதில் எல்லை இல்லை. ஃபில்டரின் எண் 106. கிட்டத்தட்ட நம் கோட்டம், நாடு மாதிரி.

எண் கொடுத்துவிட்டதால் நிலம் தப்பிவிடவில்லை. விமான நிலையம், நெடுஞ்சாலை, 2007இல் திறந்த கண்காட்சி வளாகம் என்று கோஸ் விளைந்த மண் வரிசையாகப் போனது. விவசாயிகள் வருடக்கணக்கில் எதிர்த்தும் கண்காட்சி வளாகம் வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. போகிற நிலம் எப்படிப்பட்டது என்பது அங்கே எழுத்தில் இருந்தது. யாரும் அதைத் தரிசு என்று சொல்ல முடியவில்லை.

இங்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் 2022இல் அறிவிக்கப்பட்டது முதல் ஏகனாபுரம் மக்கள் போராடி வருகிறார்கள். கம்பன் கால்வாய் அந்தத் திட்டப் பகுதியைக் கடந்துதான் கிழக்கே வர வேண்டும். 2023இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், நீர்நிலைகள் உள்ளடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு வழி செய்கிறது. ஏரியின் கொள்ளளவு குறையக்கூடாது என்று அதில் நிபந்தனை உண்டு. கொள்ளளவை இன்னோர் இடத்தில் தோண்டிக் காட்டிவிடலாம். அந்தக் குழிக்குத் தண்ணீர் தரும் மேட்டைத் தோண்டி உண்டாக்க முடியாது.

மழைக்கு முன் பார்க்க வேண்டியது

பெரிய திட்டங்களின் முடிவு எப்படியானாலும், மிச்சமுள்ள நிலத்தை வைத்திருப்பவர் தன் நிலம் சங்கிலியில் எந்தக் கண்ணி என்று தெரிந்துகொள்வது கைக்கு எட்டிய காரியம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். நிலத்துக்கு மேலே உள்ள சர்வே எண்களில் ஓடை, வாய்க்கால், மேய்க்கால், தாங்கல் என்று எவை குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பென்சிலால் வட்டமிடலாம். இஸ்ரோவின் 'புவன்' வரைபடத்தில் அதே இடத்தைத் திறந்தால் இன்று அங்கே என்ன இருக்கிறது என்பது தெரியும். பதிவேட்டில் ஓடை, படத்தில் மதில் என்றால் மனுவுக்கு அதுவே ஆதாரம். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரிகளுக்குக் கைகொடுக்கும். ஊராட்சித் தீர்மானத்துக்கு மார்ச் 22 கிராமசபை தோதான நாள், அன்று பொருளே தண்ணீர்தான்.

போர் போடும் முன்னால் பழைய திறந்தவெளிக் கிணறுகளைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. எந்த ஆழத்தில் சரளை முடிந்து களியோ கல்லோ தொடங்குகிறது என்பதைக் கிணற்றுச் சுவரே காட்டும். களி தட்டிய இடத்தில் ஆழம் போவது வீண் செலவாக முடியக்கூடும். அங்கே பண்ணைக்குட்டைதான் புத்திசாலித்தனம், களி குட்டைத் தண்ணீரைக் கீழே விடாது. சரளையில் குட்டை வெட்டினால் நிற்காது, ஆனால் கீழே உள்ள கிணறு ஊறும். அந்தக் கிணறு பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும். கொல்லைமேட்டில் மானாவாரி நிலக்கடலையைச் சரிவுக்குக் குறுக்கே விதைத்து வரப்புப் போட்டாலே மழையில் பாதி ஓடாமல் நிற்கும். மண் பரிசோதனைக்கும் பயிர்த் தேர்வுக்கும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

இவற்றோடு செலவில்லாத வேலை ஒன்று. புரட்டாசி கடைசியில், மழை பிடிப்பதற்கு முன், ஊர் எல்லையில் சாலைக்கு அடியில் போகும் சிறுபாலங்களை எண்ணிப் பார்ப்பது. ஒவ்வொரு சிறுபாலமும் ஒரு பழைய வரத்துக்காலின் மேல் கட்டியதாக இருக்கலாம். எதற்குள் தண்ணீர் போக வழி இருக்கிறது, எதற்குள் கட்டட இடிபாடு அடைத்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் போட்டோவோடு ஒரே மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் உள்ளே இறங்கிப் பார்க்க முடியாது.